நிறம் ஏறிய கட்டம்

மூலையில் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்கிய நாற்பது பக்க நோட்டு அது. 2015ஆம் ஆண்டின் கூலிக் கணக்கு. எழுதியவர் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்யும் ஓர் அக்கா. அவர் மகள் இப்போது ஏனாத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள். ஒரு நெசவுக் குடும்பத்தின் வருமானத்தைப் பற்றி அறிக்கை எழுதித் தர வேண்டும் என்று பரணிலிருந்து அந்த நோட்டை எடுத்து வந்திருந்தாள். ஏனாத்தூரில் நான் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குக் கணினியில் கணக்கு எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவும் மகளோடு வந்திருந்தார். நோட்டில் இருந்ததை நாங்கள் வரி வரியாக எக்செலில் ஏற்றினோம். ஒரு பத்தியில் மாதம், அடுத்ததில் வாங்கிய பணம், அதற்கடுத்ததில் கொடுத்த சேலையின் எடை.

முடித்ததும் மகளுக்கு ஒரு வித்தை காட்டினேன். பணப் பத்தியில் மிகப் பெரிய எண் எதுவோ, அந்தக் கட்டம் தானாகப் பச்சையாகும்படி ஒரு விதி எழுதினேன். ஜூன் மாதம் பச்சையானது. மகளுக்குச் சந்தோஷம். அக்கா மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அது கூலி இல்ல தம்பி. பள்ளிக்கூடம் திறக்கறப்ப வாங்கின முன்பணம்."

அந்த ஆண்டிலேயே பெரிய எண்ணாக இருந்தது ஒரு கடன். முன்பணத்தை வேறு பத்திக்கு மாற்றினோம். பச்சை ஜூனை விட்டு நகர்ந்து ஜனவரிக்குப் போனது. அக்கா இப்போதும் தலையசைக்கவில்லை.

"தை மாசம் நான் தறியிலயே உக்காரலையே. நாத்தனார் வீட்டுக் கல்யாணம். புதுப் பாவும் வரல. அது கார்த்திகை, மார்கழியில நெய்ஞ்சது. சேலையை அப்பதான் கொண்டுபோய்க் கொடுத்தோம்."

ஜரிகைக் கரையும் கோர்வையும் உள்ள ஒரு காஞ்சிப் பட்டுச் சேலை நாலு நாளில் இறங்கிவிடாது. கரைக்கு ஒரு நாடா, உடலுக்கு ஒரு நாடா, எதிர்க்கரைக்கு ஒரு நாடா என்று மூன்று நாடா ஓட வேண்டும். கரையைக் கோத்துக் கொடுக்கப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். முந்தியைத் தனியாகப் பிணைப்பதானால் பெட்னி போட வேண்டும், அதற்கே பொழுது போய்விடும். ஆகவே ஒரு மாதத்தில் கைக்கு வரும் பணம் அந்த மாதத்தின் உழைப்பாக இருப்பது அரிது. முந்தின மாதங்களில் இறங்கிய சேலைகளின் கூலி ஒரே தேதியில் சேர்ந்து விழுந்தால் அந்த மாதம் கொழுத்துத் தெரியும். அக்கா ஒருநாள்கூடத் தறியில் உட்காராத மாதம் எங்கள் திரையில் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது.

விதியில் எந்தப் பிழையும் இல்லை. அதுதான் என்னை அன்று இரவெல்லாம் யோசிக்க வைத்தது.

அந்த விதி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன், ஏனெனில் விஷயம் அதற்குள்தான் இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, கணினி ஒரே கேள்வியைக் கேட்கிறது: இந்த வரம்புக்குள் இருப்பவற்றில் மிகப் பெரியது எதுவோ, நீ அதற்குச் சமமா? ஆம் என்று சொல்லும் கட்டத்துக்கு நிறம். கேட்பவருக்கு வேறு எதுவும் தெரியாது. வரம்பை நாம் எழுதிக் கொடுக்கிறோம்: பி2 முதல் பி13 வரை. அதை எழுதும்போது எழுத்துக்கும் எண்ணுக்கும் முன்னால் ஒரு டாலர் குறி போட வேண்டும். பணத்துக்கும் அந்தக் குறிக்கும் இங்கே சம்பந்தமில்லை. முளையடித்து மாட்டைக் கட்டுவதுபோல வரம்பை ஓரிடத்தில் கட்டிப்போடும் குறி அது. மாணவர்கள் மறப்பதும் அதைத்தான். மறந்தால், கேள்வி கீழே இறங்க இறங்க வரம்பும் கூடவே இறங்கிவிடும். மூன்றாம் கட்டம் தனக்கு மேலே இருப்பதைப் பார்க்காது, கீழே இருப்பவற்றோடு மட்டும் தன்னை ஒப்பிடும். கடைசிக் கட்டத்துக்குக் கீழே யாருமே இல்லை. அது தன்னோடு தன்னை ஒப்பிட்டுத் தானே பெரியது என்று நிறம் பூசிக்கொள்ளும். அப்போது நாலைந்து கட்டங்கள் காரணம் புரியாமல் பச்சையாகும். பிள்ளைகள் சிரிப்பார்கள். டாலர் குறியைப் போட்டதும் எல்லாம் சரியாகிவிடும்.

அந்த முளையை எங்கே அடிப்பது என்பது மட்டும் கணினி சொல்லித் தராத பாடம்.

என் தாத்தா ஒரு ஜவுளிக் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். நீளப் பேரேட்டில் ஒரு மாதத்தின் பெரிய வரவைத் தேட வேண்டுமென்றால் பென்சிலின் மழுங்கிய முனையை முதல் வரியில் வைத்து இறக்குவார். உதடு அசையும். ஒரு எண்ணில் நிற்பார், அதை மனதில் வாங்கிக்கொண்டு மேலும் இறங்குவார், அதைவிடப் பெரியது வந்தால் பழையதை விட்டுவிடுவார். கணினிக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட இதேதான். ஆனால் தாத்தா அடிவரிக்கு வரும்போது நடுவிலிருந்த அத்தனை எண்களையும் பார்த்துவிட்டிருப்பார். பெரிய வரவு பன்னிரண்டாம் தேதி என்று சொல்லிவிட்டு, அதோடு நிறுத்தாமல், "பதினஞ்சுலேருந்து ஒரு வாரம் ஈ ஓட்டியிருக்கான்" என்பார். யாரும் அவரிடம் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். தேடிப் போன வழியில் கண்ணில் பட்டது அது. நிறம் தானாக ஏறும்போது அந்த வழி நமக்கு இல்லாமல் போகிறது. கண் நேராகப் பச்சையில் போய் உட்காருகிறது, மற்ற பதினொரு மாதங்களும் திரையில் இருந்தபடியே பார்க்கப்படாமல் போகின்றன.

இந்தக் கருவியின் மேல் எனக்குப் பகை கிடையாது. 1978இல் ஹார்வர்டில் வணிக மேலாண்மை படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லின், ஒரு எண்ணை மாற்றினால் கரும்பலகை முழுவதையும் அழித்துத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறதே என்று வருந்தியதிலிருந்துதான் இது பிறந்தது. அவரும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் செய்த விசிகால்க் என்ற கணக்குத்தாள் மென்பொருள் 1979இல் வெளிவந்தது. நிபந்தனைக்கு ஏற்ப நிறம் மாறும் வசதி எக்செலுக்கு 1997ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்தது. பத்தாயிரம் வரிகளுக்குள் பென்சில் முனையால் இறங்க யாராலும் முடியாது. தாத்தாவின் கண்ணில் கடைசிக் காலத்தில் புரை விழுந்து, ஐந்தையும் ஆறையும் அவர் மாற்றிப் படித்ததை நான் பார்த்திருக்கிறேன். கணினி அப்படிப் படிக்காது.

எடைப் பத்தியிலும் அதே விதியைப் போட்டுப் பார்த்தோம். அக்டோபர் கடைசியில் கொடுத்த சேலையில் நிறம் ஏறியது. மகள், "இதுலதான் ஜரிகை அதிகம்போல" என்றாள். அக்காவுக்குச் சேலையே நினைவுக்கு வந்துவிட்டது. சின்னக் கரை, வெறும் புட்டா. ஜரிகை குறைவு.

பட்டு ஈரத்தைக் குடிக்கும். கையில் தொட்டால் உலர்ந்தே இருக்கும், காற்றில் இருக்கும் ஈரத்தை உள்ளே வாங்கி வைத்திருக்கும். உலர்ந்த பட்டின் எடைமேல் 11 சதவீதம் ஈரம் இருப்பதே இயல்பு என்று உலகம் முழுவதும் பட்டு வணிகத்தில் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். காற்று கனத்தால் அதுவும் கூடும், கோடையில் குறையும். எடை போட்டு விற்கும் பொருளில் இது சின்ன விவகாரமா? வாங்குபவர் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறார், அல்லது விற்பவர் பட்டை இலவசமாகக் கொடுக்கிறார். பிரான்சின் லியோன் நகரத்தில் இந்தச் சண்டையைத் தீர்க்கவே நெப்போலியன் காலத்தில், 1805இல், பட்டின் ஈரத்தைச் சோதித்து உண்மையான எடையைச் சொல்லப் பொது நிலையம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். காஞ்சியில் பாவும் ஊடையும் ஜரிகையும் நிறுத்துக் கொடுக்கிறார்கள், நெய்த சேலையை நிறுத்து வாங்குகிறார்கள். எடை குறைந்தால் நெய்தவர் பதில் சொல்ல வேண்டும். குழித்தறி இருக்கும் வீட்டில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் சுவரும் தரையும் ஓதம் ஏறும், பட்டும் ஏற்றுக்கொள்ளும். எங்கள் எடைப் பத்தியில் நிறம் ஏறிய எண்ணுக்குள் எத்தனை கிராம் ஐப்பசி மாதமோ.

பெரிய எண்ணைக் கண்டதும் முதலில் அதைச் சந்தேகி என்று பிள்ளைகளுக்கு நான் சொல்வதுண்டு. ஒருமுறை மதிப்பெண் பட்டியல் ஒன்றில் விதி போட்டதும் 980 என்ற எண் நிறம் ஏறி நின்றது. நூற்றுக்கு நடந்த தேர்வு. 98ஐத் தட்டும்போது விரல் பூஜ்யத்தையும் சேர்த்துத் தொட்டிருக்கிறது. தட்டச்சுப் பிழைகள் பல நேரம் பத்தியின் மிகப் பெரிய எண்ணாகவே வந்து நிற்கும். ஆகவே, எதற்காக இந்த விதியைப் பயன்படுத்தலாம் என்று கேட்டால், பிழை பிடிக்க என்றே முதலில் சொல்வேன்.

அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவனை 2023 டிசம்பர் நிறுத்தி வைத்தது. 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையின் பட்டியலைப் பார்த்தேன். திருச்செந்தூரில் 24 மணி நேரத்தில் 69 சென்டிமீட்டர். அதற்கு மேலே காயல்பட்டினம்: 95. ஒரு நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்பது, அந்தக் காய்ந்த கடலோரத்தில் ஆண்டு முழுவதும் பெய்வதைவிட அதிகம். பழகிய கண் அதைப் பிழை என்றே படிக்கும். என் கண்ணும் 9.5 என்று திருத்தப் பார்த்தது. ஆனால் எண் உண்மை. ரயில் பாதையின் கீழே இருந்த மண்ணை வெள்ளம் அரித்துக்கொண்டு போய், ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயில் நிறைய மக்கள் இரவு பகலாகச் சிக்கிக் கிடந்தார்கள். விரல் தவறிய 980க்கும் வானம் பிளந்த 95க்கும் நிறம் ஒன்றுதான். இரண்டையும் பிரித்தறிய அந்த ஊருக்குப் போய் வந்தவர் யாராவது வேண்டும், அல்லது அங்கிருந்து ஒரு தொலைபேசி அழைப்பாவது வேண்டும்.

மதிப்பெண் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் நெடுங்காலம் பொதுத்தேர்வு முடிவு என்றாலே மாநிலத்தில் முதலிடம் யார் என்பதுதான். லட்சக்கணக்கான வரிகள் கொண்ட பத்தி, அதில் ஒரு கட்டத்துக்கு நிறம். மறுநாள் நாளிதழில் அந்தப் பிள்ளைக்கு அம்மா இனிப்பு ஊட்டும் படம். பத்தாம் வகுப்பில் 2014இல் 499 எடுத்து 19 பேர் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். 2015இல் அதே 499க்கு 41 பேர். விதி அங்கே மிக நேர்மையாக நடந்துகொள்ளும்: பெரிய எண்ணுக்குச் சமமானவை 41 என்றால் 41 கட்டங்களுக்கும் நிறம். (வரிசையில் முதலில் வருவதை மட்டும் எடுக்கச் சொல்லும் சூத்திரமும் உண்டு. அதைப் போட்டிருந்தால் அகரவரிசையில் பெயர் முன்னால் வரும் பிள்ளைக்கு முதலிடம் போயிருக்கும். இப்படிப்பட்ட சூத்திரங்களை யோசிக்காமல் எழுதிவிட்டு நாம் எழுந்து போய்விடுகிறோம்.) 2017 மே மாதம், தர வரிசையில் முதலிடம் பெற்றவர்களின் பெயர்களை இனி அறிவிப்பதில்லை என்று அரசு முடிவெடுத்தது. அந்த ஆண்டு பிளஸ் டூ முடிவுகள் அப்படித்தான் வந்தன. மதிப்பெண்கள் அனைத்தும் இருந்தன, நிறத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். அந்த முடிவு சரி என்றே நான் நினைக்கிறேன். 499க்கும் 498க்கும் இடையில் அறிவில் எந்த வேறுபாடும் இல்லை என்பது விடைத்தாள் திருத்திய எந்த ஆசிரியருக்கும் தெரியும். அந்த ஒரு மதிப்பெண்ணுக்கு இந்தப் பக்கம் நின்ற பிள்ளைகளின் இரவுகளை யாரும் பட்டியல் போடவில்லை.

பெரியதைத் தேடாமலே ஆளைத் தேர்ந்தெடுத்த ஊர் ஒன்று காஞ்சிக்குத் தெற்கே பஸ் போகும் தூரத்தில்தான் இருக்கிறது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டார்கள். விவரம் அறியாத ஒரு சிறுவன் கைவிட்டு எடுத்தான். அந்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கி, சபை கேட்க வாசிக்க வேண்டும். விரலை மடக்கினால் ஓலையை மாற்றிவிடலாம் அல்லவா? அதற்காகத்தான் அந்த விரித்த கை. ஏரி வாரியத்துக்கு அறுவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர் இப்படித்தான் வந்தார்கள். யார் அதிகம் படித்தவர், யாருக்கு அதிக நிலம் என்று பார்த்து உச்சியில் இருப்பவரை எடுக்கவில்லை. ஒரு கோட்டைக் கடந்துவிட்டால் போதும், அதற்கு மேல் எல்லாரும் சமம், குடம் சொல்லட்டும் என்று விட்டார்கள். முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரும் அவர் உறவினர் பெயரும் குடத்துக்குள் போகவே கூடாது என்றும் எழுதினார்கள்.

அந்தச் சுவரின் முன்னால் நான் பலமுறை நின்றிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் நிறையும், பிறகு ஒரு இடத்தில் உறுத்தும். கோடு எங்கே போட்டார்கள்? வரி கட்டும் கால்வேலி நிலத்துக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும், வயது 35க்கும் 70க்கும் நடுவில் இருக்க வேண்டும். அந்தப் பிரமதேயத்தின் வயலில் இறங்கி உழுதவரின் பெயரோ, நாற்று நட்ட பெண்ணின் பெயரோ எந்த ஓலையிலும் இல்லை. சிறுவனின் கை எவ்வளவு நேர்மையாகத் துழாவினாலும் அந்தப் பெயர்கள் அகப்படப் போவதில்லை. குடத்துக்குள் நடந்ததில் வஞ்சனை கிடையாது. யார் குடத்துக்குள் என்பது ஓலை நறுக்குவதற்கு முன்பே முடிந்துபோயிருந்தது. பி2 முதல் பி13 வரை என்று நான் எழுதும்போது, என் விரலும் அதே வேலையைத்தான் செய்கிறது.

பெரிய எண்ணோடு நிற்காத வழக்கமும் உண்டு. தருமபுரி பட்டுக்கூடு ஏல அங்காடியின் அன்றாட விலையைப் பத்திரிகைகளில் போடும்போது, கிலோவுக்கு அதிகபட்சம் இவ்வளவு, குறைந்தபட்சம் இவ்வளவு, சராசரி இவ்வளவு என்று மூன்றையும் சேர்த்தே போடுவார்கள். கூடு வளர்க்கும் விவசாயி முதல் எண்ணை மட்டும் படித்துவிட்டு வண்டி ஏறினால் ஏமாந்துதான் திரும்புவார். மூன்றையும் சேர்த்துப் படிப்பது அவருக்குப் பழகியிருக்கிறது.

அன்று அக்கா கேட்டதும் அந்தக் குறைந்தபட்ச எண்ணைத்தான். பச்சையைப் பார்த்து அலுத்துப்போய், "எது கம்மின்னு காட்டுமா தம்பி?" என்றார்.

காட்டும். விதியில் ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும். மாற்றினேன், சிவப்பு நிறம் கொடுத்தேன். ஜூலை சிவந்தது.

"ஆடியா?" என்றார் அக்கா. "ஆடியில ஒரு சேலை கொடுத்தேனே. மழை மாசம் எங்க போச்சு?"

மகள் நோட்டைப் புரட்டினாள். நவம்பர், டிசம்பர் பக்கங்களில் தொகை எதுவும் இல்லை. டிசம்பர் 2ஆம் தேதிக் காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டிய அந்த வடகிழக்குப் பருவம். அப்போதைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஏரிக்கு ஏரி நிரம்பி வழிந்தது. அக்காவின் தறிக்குழியில் நீர் ஊறிக்கொண்டே இருந்தது, இறைக்க இறைக்கக் கீழிருந்து வந்தது. மிதிபலகை மூழ்கியது. பாவைச் சுருட்டி மேலே கட்டிவைத்தார்கள். நோட்டில் அதற்கு இரண்டே சொற்கள்: "குழியில் தண்ணி." தொகை இல்லாததால் நாங்கள் அந்தக் கட்டங்களைக் காலியாக விட்டிருந்தோம். மிகச் சிறிய எண்ணைத் தேடும் சூத்திரம் காலிக் கட்டத்தை எண்ணாகவே எடுத்துக்கொள்ளாது, தாண்டிப் போய்விடும்.

நான் இதை விளக்கினேன். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஒண்ணுமே வரலன்னா அது கணக்குல சேராதா?"

நவம்பர் கட்டத்தில் ஒரு பூஜ்யம் தட்டினேன். ஜூலையின் சிவப்பு போனது, நவம்பர் சிவந்தது. அதே நொடியில், நான் தொடாத டிசம்பரும் சிவந்தது. காலிக் கட்டத்தைப் பூஜ்யத்தோடு நேருக்கு நேர் ஒப்பிட்டால் இரண்டும் சமம் என்றுதான் எக்செல் சொல்லும். அதுவரை கண்ணுக்கே படாமலிருந்த கட்டம், பக்கத்தில் ஒன்று பூஜ்யம் என்று ஒத்துக்கொண்டதும் தானும் வெளியே வந்துவிட்டது.

அக்கா திரைக்கு அருகில் வந்து, ஒரு விரலால் இரண்டு சிவப்புக் கட்டங்களையும் சேர்த்து ஒரு கோடு இழுத்தார். "ஆமா, ரெண்டு மாசம்" என்றார்.

மகள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, டிசம்பருக்கு நேரே காலியாக இருந்த பத்தியில் அம்மா எழுதியிருந்த அந்த இரண்டு சொற்களையும் அப்படியே தட்டினாள்.